பாகூர் ஏரிக்குப் போன கட்டாமை

சனிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குக் காட்டேரிக்குப்பத்தில் பஸ் ஏறினேன். பாகூரில் என் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. பத்தரைக்குள் வந்துவிடு என்று மூன்று முறை போன் செய்திருந்தாள். வில்லியனூருக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஏறினார்கள். அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் ஒரு கட்டைப்பையை வைத்துக்கொண்டாள். பைக்குள் ஏதோ சுரண்டியது. நான் பார்ப்பதைக் கண்டு அவளே பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு கட்டாமை, மேட்டு நிலத்தில் வாழும் ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடு கோடாகப் போட்டது. காய்ந்த புல்லுக்குள் நின்றால் இரண்டடி தூரத்திலும் கண்ணுக்குத் தெரியாது.

"வூட்டுக்குள்ள வந்துடுச்சி ஆயா. குடிபோயி ஆறு மாசந்தான் ஆவுது. மாமியா அழுவுது. பெரிய தண்ணியில வுட்டாத்தான் தோஷம் போவுமாம். பாகூர் ஏரிக்கு எடுத்துனு போறோம்."

"ஊசுடேரி கிட்ட இருக்குதே?"

"அங்க காவலுக்கு ஆளு நிக்கறாங்க. எதையும் ஏரியில போட வுட மாட்டாங்களாம்."

வீடு எங்கே என்று கேட்டேன். ஊருக்குக் கிழக்கே புதிதாக மனை போட்ட இடத்தைச் சொன்னாள். அந்த மேடு எனக்குத் தெரியும். இன்றைக்கும் என் நாலு ஆடுகள் அதன் ஓரத்தில்தான் மேய்கின்றன. சப்பாத்திக்கள்ளியும் காரைப்புதரும் இருந்ததைப் பொக்லைன் விட்டு வழித்துக் கல் நட்டார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிறார்கள். அது எங்கே புகுந்தது? அது தினமும் போய்வந்த தடத்தில் இவர்கள் வீடு வந்து புகுந்தது. இதைக் கேட்க ஊரில் ஒரு நாதி இல்லை.

"இது தண்ணி ஆம இல்லம்மா. காலப் பாரு" என்று மெதுவாகச் சொன்னேன்.

"அவருகிட்ட சொல்லுங்க ஆயா."

அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். பஸ் நிறைய ஆம்பிளைகள். எனக்கு வாய் வரவில்லை. கண்டக்டர் பையை எட்டிப் பார்த்து, "இதுக்கு ஆஃப் டிக்கெட்டா, ஃபுல்லா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முன்சீட்டில் கண்ணாடி போட்ட ஒருவர், பார்த்தால் வாத்தியார் போல இருந்தார், திரும்பி, "தண்ணியில வுடறது புண்ணியம்மா" என்றார். அவ்வளவு படித்தவருக்கு ஆமை என்றால் எல்லாம் ஒரே ஆமை.

கூடப்பாக்கம் தாண்டியதும் பையிலிருந்து நீர் ஒழுகியது. "சீ, நாத்தம்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கட்டாமை பயந்தால் அப்படித்தான் விடும். சொட்டுத் தண்ணீர் கிடைக்காத மேட்டில் கோடையைத் தாண்டுவதற்காக அது வயிற்றில் சேர்த்து வைத்த தண்ணீர் அது. அதையும் பஸ்ஸில் கொட்ட வைத்துவிட்டு மூக்கைப் பிடிக்கிறார்கள்.

ஏழே முக்காலுக்கு வில்லியனூர். எட்டேகாலுக்குப் பாகூர் பஸ். டிக்கெட் இருபது ரூபாய். உறுவையாறு, மங்கலம், கரிக்கலாம்பாக்கம் என்று ஒவ்வொரு ஊராகச் சொல்லலாம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஒன்பது பத்துக்குப் பாகூரில் இறங்கினோம். தங்கை வீட்டுக்கு வலது பக்கம் போகவேண்டும். அவர்கள் இடது பக்கம் திரும்பி ஏரிக்கு நடந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

ஏரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கரையில் ஏறினால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிகிறது. அல்லி இலை மேல் ஒரு இலைக்கோழி நடந்துபோகிறது, இலை அமிழவில்லை. விரல் ஒவ்வொன்றும் அத்தனை நீளம், பாரம் பரவிவிடுகிறது. நத்தைகுத்தி நாரைக்கு மூக்கு நடுவில் சந்து விட்டிருக்கிறது, நத்தையைக் கவ்வுவதற்கு. நீர்க்காகம் முங்கி எழுந்து ரெக்கையை விரித்து வெயிலில் காயப்போடுகிறது. கரையோரம் குளத்தாமை ஒன்று தட்டையாக மிதந்தது. அதற்கு விரலுக்கு விரல் ஜவ்வு உண்டு. தண்ணீருக்கென்றே வந்த உடம்பு. இந்த நாரையைப் பிடித்து எங்கள் மேட்டில் விட்டு நத்தை தேடு என்றால் அது புண்ணியமா?

நான் இப்படிப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவர் படியிறங்கிக் கும்பிட்டு ஆமையைத் தண்ணீரில் விட்டுவிட்டார். கல் போலக் கீழே போனது. பெண் கைகூப்பி நின்றாள்.

காதுகுத்துக்கென்று எடுத்த புதுப்புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். சேற்றில் கையை விட்டுத் துழாவி எடுத்தேன். தலையைக் கீழே சாய்த்துப் பிடித்ததும் வாயிலிருந்து தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கால் அசைந்தது.

"இன்னா ஆயா பண்றீங்க?" என்று அவர் பதறினார்.

காலையிலிருந்து வராத குரல் அப்போது வந்தது. "காலப் பாருப்பா. ஆனக்கால் மாதிரி இருக்குது. இதுல துடுப்பு எங்க? நீந்தத் தெரியாததத் தண்ணியில போட்டா அதுக்குப் பேரு இன்னா?"

"ஆமன்னா தண்ணியிலதான…"

"மாடும் எருமையும் ஒண்ணா?"

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "இந்த ஆமைக்கு ஒருத்தன் மூவாயிரம் தரேன், குடுன்னான். வித்தா பாவம்னு குடுக்கல ஆயா. நல்லது பண்றேன்னுதான் வந்தேன்." அது பொய்யில்லை, முகத்தில் தெரிந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். "மறுபடி எடுத்துனு போனா அம்மா வூட்டுல சேக்காது" என்றார். பையை நான் வாங்கிக்கொண்டேன்.

பத்தேகாலுக்குத் தங்கை வீடு. வாசலில் பந்தல், மைக்செட். ஈரப்புடவையோடு வந்த என்னைப் பார்த்து ஓடிவந்தவள், பையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அக்கா, அதத் தூரப் போட்டுட்டு வா. நல்ல காரியம் நடக்கற வூடு."

"தூரன்னா எங்கடி?"

"எங்கனா. ஏரியில."

அவளும் என்னோடு அதே மேட்டில் ஆடு மேய்த்தவள். கட்டாமை கள்ளிப்பழம் தின்று வாயெல்லாம் சிவப்பாக நின்றதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம். தெரியாதவர்கள் செய்தால் பொறுக்கலாம். முறைக்கு எடுத்த துணியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். குழந்தை காது குத்தும்போது அழுததா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒன்றே முக்காலுக்குக் காட்டேரிக்குப்பம். மேட்டில் மிச்சமிருக்கும் புதர் ஓரமாகப் பையைச் சாய்த்தேன். ஆமை வெகுநேரம் அசையவில்லை. பிறகு தலையை நீட்டி, ஒரு புல்லைக் கடித்துவிட்டு, புதருக்குள் போகாமல் நேராக வீடுகள் பக்கம் நடந்தது. திருப்பி விட்டேன். மறுபடி அங்கேயே நடந்தது. ஒரு வெள்ளை வீட்டின் இரும்புக் கேட்டில் போய் முட்டியது. முட்டிக்கொண்டே இருந்தது.

மணியை அழுத்தினேன். முன்பின் தெரியாத வீட்டில் நான் மணி அழுத்தியது இதுதான் முதல் தடவை. அதே புருஷன்தான் வந்து திறந்தார். பாகூரிலிருந்து எனக்கு முந்தின பஸ்ஸில் வந்திருப்பார்கள் போல. என்னைப் பார்த்தார், காலடியில் ஆமையைப் பார்த்தார்.

"அதுக்குப் பின்பக்கம் போவணும்பா, அதோட தடம் இதுதான். கேட்டுக்கு அடியில ஒரு சாண் வெட்டி வுடு. பின்சுவத்துலயும் ஒரு ஓட்ட போடு. அது பாட்டுக்கு வரும், போவும்."

"அம்மாவுக்கு நான் இன்னா ஆயா சொல்றது?"

"எங்க உங்கம்மா? வரச் சொல்லு" என்று கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.