மாமாவின் நாலு அடுக்கு கேரியர்

ஆறாம் வகுப்பு முடிவதற்குள் நான் மூன்று பந்தயங்களில் வாந்தி எடுத்திருந்தேன். மூன்றும் எண்ணூறு மீட்டர். முதல் சுற்றில் யாரும் என்னைத் தொட முடியாது. இரண்டாவது சுற்றில் பாதி தாண்டியதும் குமட்டிக்கொண்டு வரும். கோட்டுக்கு வெளியே போய்க் குனிந்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘கக்கல் எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எக்ஸ்பிரஸ் என்றாவது ஒத்துக்கொண்டார்களே என்று உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பி.டி. டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். “ஓடுறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே லேசா சாப்பிட்டு முடிச்சிரணும்மா. அப்புறம் மடக்கு மடக்கா தண்ணி மட்டும் போதும். வயித்துல லோடு ஏத்திட்டு ஓடுனா கக்காம என்ன செய்யும்?”

அம்மா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஏனென்றால் லோடு ஏற்றுபவர் என் மாமா. அந்த லோடு அவ்வளவு ருசியாக இருக்கும்.

மாமா அம்மாவின் அண்ணன். மல்லாங்கிணற்றில் பரோட்டாக் கடை வைத்திருந்தார். வாலிபத்தில் கபடி ஆடி வாங்கிய கோப்பை ஒன்று கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சாமிக்கு எரியும் ஊதுபத்தியில் அதற்கும் பங்கு உண்டு. டீச்சர் சொன்னதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “அவுக புஸ்தகத்துல படிச்சவுக. நான் களத்துல படிச்சவன். ஒடம்புல தெம்பு இல்ல, அதான் புள்ள கக்குது” என்றார். முதல் பந்தயத்துக்கு அவித்த முட்டை மட்டும்தான் வந்தது. அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு முறை கக்கும்போதும் கேரியரில் ஓர் அடுக்கு கூடியது.

வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் கிடையாது. தாய்மாமன் கொண்டுவருவதைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. என் காதுகுத்துக்கு மாமா வரிசையாகச் சீர் கொண்டுவந்தபோது, “இம்புட்டு எதுக்கு மச்சான்” என்று அப்பா ஒரு தட்டை லேசாகத் திருப்பி நகர்த்திவிட்டார். மாமா மூன்று வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மூன்று பொங்கலுக்கும் அம்மா பிறந்த வீட்டுச் சீர் வருமா என்று தெருவைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பானை வைத்தாள். அதற்கப்புறம் அண்ணன் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஏழாம் வகுப்பில் குறுவட்டப் போட்டி அருப்புக்கோட்டையில் நடந்தது. முதல் இரண்டு இடத்துக்கு வந்தால் மாவட்டப் போட்டிக்கு விருதுநகர் போகலாம். இந்த முறையும் கக்கினால் ஓட்டத்திலிருந்து என்னை எடுத்துவிட்டு, குண்டு எறிதலுக்குப் பெயர் கொடுத்துவிடுவதாக டீச்சர் சொல்லியிருந்தார். நான் அப்போது இருந்த இருப்பில் குண்டுதான் என்னை எறிந்திருக்கும். ஓடாமல் இருப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

மாமா முந்தின நாளே திருச்சுழிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். விடிந்ததும் அடுப்படி அவர் கையில். ஓர் அடுக்கில் நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி, ஓர் அடுக்கில் நாலு முட்டை, ஓர் அடுக்கில் நெஞ்செலும்பு சூப், மேலடுக்கில் கருப்பட்டி போட்ட பருத்திப்பால். அதற்கு முன்பே, இன்னும் இருட்டு விலகாத நேரத்தில், அம்மா என்னை எழுப்பி இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் கொடுத்திருந்தாள். பைக்கில் வைத்தால் சூப் தளும்பிவிடும் என்று மாமா கேரியரை அம்மாவிடம் ஒப்படைத்தார். “பத்து மணிக்கு ஊட்டிரணும்த்தா. பதினோரு மணிக்கு ஓட்டம்” என்று சொல்லிவிட்டு, மைதானத்தில் நிழலாக இடம் பிடிக்க முன்னால் போய்விட்டார்.

நாங்கள் மதுரை பஸ்ஸில் ஏறினோம். அம்மா கேரியரைச் சீட்டுக்கடியில் தள்ளி வைத்தாள். மூடி இறுக்கமாக இருந்தும் வழியெல்லாம் சூப் மணத்தது. அருப்புக்கோட்டையில் அம்மா என்னை முதலில் இறக்கிவிட்டு, கண்டக்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு இறங்கினாள். மைதானத்தில் மாமா துண்டை விரித்து உட்கார்ந்து, “எடுத்தா கேரியர” என்றார்.

அம்மா பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “பஸ்ஸுலயே விட்டுட்டேன்ணே” என்றாள்.

வீட்டில் ஓர் ஊக்கு காணாமல் போனாலும் அது எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிடுகிறவள் அம்மா. எனக்கு நம்பவே முடியவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன். மாமா துள்ளி எழுந்தார். “ஒனக்கு அறிவிருக்காத்தா? புள்ள தெம்பில்லாம ஓடுறதா?” என்று கத்திக்கொண்டே பைக்கை உதைத்து, மதுரை பஸ்ஸை விரட்டிக்கொண்டு பாளையம்பட்டிப் பக்கம் பறந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

விசில் அடித்துவிட்டது. உடம்பில் தெம்பில்லை என்ற பயத்தில் முதல் சுற்றை அடக்கித்தான் ஓடினேன். ஆறு பேர் எனக்கு முன்னால் போனார்கள். இரண்டாவது சுற்று தொடங்கியது. ஒருத்தியைத் தாண்டினேன். இன்னொருத்தி. வழக்கமாகக் குமட்டும் அந்த வளைவு வந்தது. இதோ வரப்போகிறது என்று பல்லைக் கடித்தேன். வரவில்லை! வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஓடினேன். மூன்றாவது ஆள், நாலாவது ஆள் பின்னால் போனார்கள். முள் வைத்த ஷூ போட்ட டவுன் பிள்ளைகள் இரண்டு பேர்தான் மிச்சம். அந்த நேரம் பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் திரும்பி வந்த மாமா, பைக்கை வாசலிலேயே கீழே போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டோரமாக என்னோடு ஓடிவந்தார். “விடாத மருமகளே! விடாத!” அவர் குரல் கேட்டதும் கால் தரையில் பாவவில்லை. ஒருத்தியைத் தாண்டினேன். கடைசிப் பத்தடியில் இன்னொருத்தியையும் தாண்டி, கரிசல் புழுதியில் குப்புற விழுந்தேன். முதலிடம்!

மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். ஓடிவந்த ஓட்டத்தில் வாந்தி எடுத்தது அவர்தான்; காலையில் மிஞ்சிய களியைச் சாப்பிட்டிருந்தாராம். வாயைத் துடைத்துக்கொண்டு, “நேத்து வரைக்கும் நான் ஊட்டுன தெம்புதான் இன்னைக்கி நின்னுருக்கு” என்றார். அம்மா, “ஆமாண்ணே” என்று தலையாட்டினாள்.

சாயங்காலம் அம்மாவும் நானும் அதே பஸ்ஸில் வீடு திரும்பினோம். கண்டக்டர் கழுவித் துடைத்த கேரியரை நீட்டினார். “நீங்க சொன்னபடியே ஒரு பருக்கை மிச்சம் வைக்கலக்கா. டிரைவரண்ணன் களியத்தான் ரெண்டு தடவ கேட்டாரு.” அம்மா அவசரமாக இருமினாள். அடுத்தவர் சோற்றைத் தின்றுவிட்டு வெட்கமில்லாமல் பேசுகிறாரே என்று நான் அந்த ஆளை முறைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து விருதுநகர். மாமா மறுபடியும் வந்தார், மறுபடியும் நாலு அடுக்கு. பஸ்ஸில் ஏறியதும் நான் கேரியரை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

“கை வலிக்கும். சீட்டுக்கடியில வையி” என்றாள் அம்மா.

“வேணாம்.”

“எங்கிட்டயாவது குடு.”

“நீ மறந்துருவ.”

அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். இந்த முறை எங்களோடு பஸ்ஸிலேயே வந்த மாமா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து மணிக்கு நாலு அடுக்கையும் வழித்துச் சாப்பிட்டேன். பதினோரு மணிக்கு இரண்டாவது சுற்றின் வளைவில் கோட்டுக்கு வெளியே குனிந்து நின்றேன். அம்மா ஓடிவந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. பாவம், நான் தோற்றதற்கு அவள் வருத்தப்படுகிறாள் என்று நினைத்து நானே அவளைத் தேற்றினேன்.

“அழாதம்மா. மாமா சொன்னதுதான் சரி. இன்னும் ரெண்டு முட்ட சேத்துத் தின்னுருக்கணும்.”