திரும்பி வரும் டிக்கெட்

இன்று இங்கே இலங்கை மலையகத்தில், ஹட்டனில் டிக்கெட் போடும் கடைக்கு அப்பாவையும் கூட்டிப்போனேன். பள்ளி லீவுக்கு நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் திருச்சி, மலேசியா, சிங்கப்பூர் சுற்றிவரத் திட்டம்.

கடைக்காரர் திருச்சி என்றதுமே அப்பா என் கையைப் பிடித்தார்.

"ஒரு புள்ளைய இங்க விட்டுட்டுப் போங்க."

"ஏன்ப்பா?"

"குடும்பத்தோட போனவங்க யாரு திரும்பி வந்தா? எங்க அண்ணன் போன மறுநாளே தேயிலத் தோட்டத்துல அவங்க குடியிருந்த லயத்துக் காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

"அது அந்தக் காலத்துல ஒப்பந்தம் போட்டு தோட்டத்து ஆளுங்கள அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்புனதுப்பா. இது ரிட்டர்ன் டிக்கெட்டு. அதோட நீங்க இங்கதானே இருக்கீங்க?"

"அப்பவும் நான் இங்கதான் இருந்தேன்."

கடைக்காரர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

டிக்கெட் போடாமலே வந்துவிட்டோம். விஷயம் கேட்டு, "நான் தாத்தாகூட இருக்கேன்" என்கிறாள் சின்னவள்.

உங்கள் வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போவீர்கள், சொல்லுங்கள்.