பின்னால் கூப்பிடாதவள்

புறப்பட்டுப் போகிற யாரையும் ஆறுமுகத்தாய் பின்னாலிருந்து கூப்பிட்டதே கிடையாது. டிபன் டப்பாவை மறந்து போனாலும் சரி, குடையை மறந்து போனாலும் சரி, ஓடிப் போய் ஆளைத் தாண்டி முன்னால் நின்றுதான் நீட்டுவாள். தப்பித்தவறி யாராவது கூப்பிட்டுவிட்டால், போனவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். தாராவியில் அவள் வீட்டுச் சட்டம் அது.

இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடப் பைகளுக்கு வாரும் பக்கிளும் தைக்கிறாள். தெருவில் போகிற பிள்ளையின் பையில் பக்கிள் திறந்து கிடந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

வாஷியில் வேலை பார்க்கும் மகள் மாலதி, ஆபீஸ் கூட்டத்தோடு காம்ஷேத் மலைக்குப் பாராகிளைடரில் பறக்கப் போனபோது அம்மாவையும் இழுத்துப் போனாள்.

"எம்மா, வீடியோ எடு. பெருவெரல வச்சு மறைச்சிராத."

"நீ விழாம வா. வெரல நான் பாத்துக்கிடுதேன்."

கூடவே பறக்கும் பைலட் மாலதியைத் தனக்கு முன்னால் நிறுத்தி, எல்லா வாரையும் மாட்டி இழுத்துப் பார்த்தார். கால் தரையை விடும்வரை ஓட வேண்டும், உட்காரக் கூடாது என்று இந்தியில் மூன்று தரம் சொன்னார். காற்று அடங்கிவிட்டது. காத்திருந்தார்கள். தொடையை இறுக்குகிறதென்று மாலதி இடது பக்கிளைக் கழற்றிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. காற்று திரும்பியதும் பைலட் அவசரப்பட்டார். மறுபடி சோதிக்கவில்லை.

பாராகிளைடரின் துணி எழும்பித் தலைக்கு மேல் நின்றது. "தௌடோ!" இருவரும் சரிவில் ஓடினார்கள். மாலதியின் தொடையோரம் ஒரு வார் ஆடியது. நுனியில் பக்கிள்.

முன்னால் போய் நிற்க அங்கே தரை இல்லை.

"ஏட்டி மாலதி! நில்லுட்டி!"

எதிர்க்காற்றில்தான் கிளம்புவார்கள். அந்தக் காற்று அவள் குரலை அவள் முகத்திலேயே திருப்பி அடித்தது. அதற்குள் கால்கள் நான்கும் அந்தரத்தில்.

ஆறுமுகத்தாய், வாக்கி டாக்கியோடு நின்ற உதவியாள் தப்ரேஸிடம் ஓடினாள். இத்தனை வருஷம் பேசிய இந்தி ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. தன் பையின் பக்கிளைக் கழற்றிக் காட்டி, பள்ளத்தாக்கைக் காட்டினாள். அவன் முகம் வெளுத்தது. கருவியில் ஏதோ கத்தினான். பதிலாக இரைச்சல் மட்டும் வந்தது.

"ஒன்றும் ஆகாது, மௌஸி. பாக்கி வார் எல்லாம் தாங்கும்." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

பாராகிளைடர் மலை விளிம்புக்குக் கீழே மறைந்தது. கையிலிருந்த போன் அவள் செருப்பையும் புல்லையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. அவளால் செய்ய முடிந்தது நிற்பது ஒன்றுதான்.

"லேண்ட் ஹோ கயா." இறங்கிவிட்டார்களென்று கருவி சொன்னதும் தப்ரேஸ் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மாலதியை ஜீப்பில் மேலே கொண்டுவந்தார்கள். வாரை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கைகள் சிவந்து கன்றியிருந்தன.

"ஒரு பக்கமாச் சாஞ்சே தொங்குனேம்மா. நீ கத்துனியாமே? எனக்குக் கேக்கவே இல்ல."

"கேக்காட்டி என்ன? கூப்பிட்டது கூப்பிட்டதுதான். உக்காரு. தண்ணி குடி."

பாட்டில் மூடியைத் திறக்க ஆறுமுகத்தாயின் விரல்களால் முடியவில்லை. மாலதிதான் வாங்கித் திறந்தாள்.