காவடி போகிற வழிக்குப் பூட்டு

பி.பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்தேன். திருத்தணி மலையடிவாரத்தில் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. அவரை பாவா என்றுதான் கூப்பிடுவேன். "இனிமே நீதான்டா மேனேஜர்" என்றார். கெத்தாகக் கவுன்டரில் போய் உட்கார்ந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் வந்தால் எங்கள் பின்கேட்டைப் பூட்டுவதே இல்லை. குளத்தில் குளித்துவிட்டுக் காவடியோடு அந்த வழியாகத்தான் மலைப்படிக்குப் போவார்கள். அந்த வழியாக எவன் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அக்கா வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன்.

"பாவா, பின்கேட்டுல ஒரு ஆள் போடலாம். இல்லாட்டி பூட்டிடலாம்."

"காவடி போற வழிக்குப் பூட்டா? வுட்டா முருகனுக்கே டோக்கன் குடுப்ப போலக்கீதே! துன்னுட்டு எழுந்திருடா."

அதோடு விட்டுவிட்டேன்.

கிருத்திகையன்று காலை சித்தூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று மலையேறியது. முட்டிவலியால் அந்த வீட்டு அம்மா மட்டும் ரூமில் தங்கிவிட்டார். கூச்சல் கேட்டு ஓடினால், கழுத்தில் சங்கிலி இல்லை. பின்கேட் வழியாக வந்து பறித்தவன் தள்ளிவிட்டதில் கை முறிந்திருந்தது.

"தாப்பா போட்டுக்கினுதான் இருந்தேன் நைனா. காவடிக்குப் பால் கொணாந்தேன்னான். சாமி பாலாச்சேன்னு தெறந்துட்டேன்."

போலீஸ் வந்ததும், "மேனேஜர் யாருய்யா?" என்றார்கள்.

"இவன்தான் சார். எல்லாம் இவன் பொறுப்பு." நான் வாயைத் திறக்கும் முன்பே பாவா சொல்லிவிட்டார்.

கேஸ் போடுவதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மாவின் மகன் கிளம்பினார். நான் வக்கீலிடம் ஓடி நடந்ததைச் சொன்னேன்.

"திருடினவன் எவனோ. என்னை எதுக்கு சார் இழுக்கறாங்க?"

"கேட்டு தெறந்து கெடக்கிறது உனக்குத் தெரியுமா?"

"ஆங். அதனாலதான பூட்டலாம்னு சொன்னேன்."

"ஆபத்துன்னு தெரிஞ்சும் வுட்டுட்டேன்னு நீயே சொல்ற பாரு, அங்கதான் மாட்டுவ. ஓனர் வேணான்னாருன்னு காட்டணும். எழுதிக் குடுத்தியா? வாட்ஸப்புலயாவது போட்டியா?"

"சோறு துன்னும்போது சொன்னேன் சார். பாவாவுக்கு எவன் சார் வாட்ஸப்புல எழுதிப் போடுவான்?"

"சரி, நீ சொன்னத யாராச்சும் கேட்டாங்களா?"

"எங்க அக்கா."

"புருஷனுக்கு எதிரா வந்து சொல்வாங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் அக்கா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். பாவா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"க்கா, அன்னிக்கு நான் பூட்டு பத்திச் சொன்னது ஞாபகம் கீதுல்ல?"

அக்கா ஹால் பக்கம் பார்த்தாள். "மிக்ஸி ஓடிக்கினு இருந்துச்சுடா. எனக்கு எதுவும் காதுல வுழல" என்றாள் சத்தமாக. பிறகு அடுப்பைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "நான் இந்த வூட்டுலதானடா இருக்கணும்."

என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். அதையும் தின்றுவிட்டு எழுந்தேன்.