மார்ச் வரைக்கும்

அர்விட் லாஹ்ட்டியின் முழங்கால் தேய்ந்து வருடக்கணக்காகிறது. அமெரிக்காவின் டுலூத் நகரில் நாங்கள் ஓட்டும் பனி அள்ளும் லாரியில் ஏறுவதற்குள் படிக்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிடுவார். ஓய்வு வாங்கிக்கொண்டு போகக்கூடாதா என்றால், "மார்ச் வரைக்கும் ஓட்டணும்ப்பா" என்பார்.

மகள் சென்யாவுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி. அப்பாவின் வேலையோடு வரும் மருத்துவக் காப்பீட்டில் பிள்ளைகள் இருபத்தாறு வயதுவரை இருக்கலாம். வரும் மார்ச்சில் அவளுக்கு இருபத்தாறு. கேக் வெட்டியதும் வியாதி கிளம்பிவிடுமா என்ன? இந்தக் கணக்கைப் போட்டவனை ஒரு ஜனவரி முழுக்க எங்கள் லாரியில் உட்காரவைக்க வேண்டும். இருக்கிற சலுகையையும் பிடுங்கப் போகிறார்கள் என்று ரேடியோவில் வந்தால், அர்விட் பாதி சாண்ட்விச்சோடு எழுந்து போய்விடுவார்.

மனைவி இறந்தபின் வீட்டில் அவர் மட்டும்தான். மகள் மினியாபொலிஸ் நகரில். காரணமில்லாமல் போன் செய்தால் அவளுக்குத் தொந்தரவு என்று நினைக்கிற மனிதர். இலையுதிர்காலத்தில் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது மட்டும் கூப்பிடுவார். "உன்ன வச்சிருக்கட்டுமா?" "வச்சிருங்கப்பா." அதோடு சரி. முழங்காலைப் பற்றி அவளிடம் மூச்சுவிட்டதில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். நான் எதிரே இருந்தேன்.

"மார்ச் கடைசியோட உன் பேர எடுத்துடுவாங்களாம். அப்புறம் ஊசிக்கு என்னம்மா பண்ணுவே?"



"அப்பா, எனக்கு என் வேலையிலயே காப்பீடு இருக்கு. ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப ஏன் வச்சிருங்கன்னு சொன்னே?"

"வேணாம்னா நீங்க போனே பண்ண மாட்டீங்களே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த முழங்காலோடு அநியாயமாக இரண்டு குளிர்காலம் ஓட்டியிருக்கிறார்! அர்விட்டைப் பார்த்தேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கோபமெல்லாம் இல்லை.

"மார்ச்சுக்கு அப்புறம் எதுக்குப்பா கூப்பிடுவீங்க?" அவள் குரல் உடைந்தது.

"தெரியலம்மா" என்று போனை வைத்துவிட்டார்.

மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது எனக்கு. அவர் போனை மறுபடி எடுத்தார். அவள் நம்பரை அழுத்தினார்.

"என்னப்பா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல" என்றார் அர்விட். "சும்மாதான் கூப்பிட்டேன்."