ஒரு முறம் சாமைத் தவிடு

என் அம்மா என்னை ஒரு முறம் சாமைத் தவிட்டுக்கு விற்றாள். நான் பிறந்த பதினாறாம் நாள் அது. வாங்கியவள் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் குத்துக்கல் மாதிரி இருந்தன. எனக்கு முன்னால் என் அம்மா பெற்ற மூன்றையும் மலைக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. வெள்ளைக்காரன் காலம். மலைமேல் இருக்கும் எங்கள் தேவனூர் நாட்டுக்கு ரோடு கிடையாது. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்குவதற்குள் பாதிப் பேருக்கு உயிர் இருக்காது. காய்ச்சலுக்குக் கஷாயம், கஷாயத்துக்குக் கேட்காவிட்டால் சாமி, அவ்வளவுதான்.

அடுத்தடுத்துப் பிள்ளை போன வீட்டில் இப்படி விற்பது வழக்கம். பிள்ளையை முறத்தில் கிடத்தி இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டுத் தவிட்டை வாங்கிக்கொள்வார்கள். இருப்பதும் வளர்வதும் பெற்ற வீட்டில்தான். கூப்பிடுவது மட்டும் மாறும். வாங்கினவள் அம்மா, பெற்றவள் அத்தை. சாவு வந்து 'இந்த வீட்டுக்காரி பிள்ளை எங்கே' என்று தேடினால், அப்படி யாரும் இல்லையென்று ஏமாந்து திரும்பிவிடும். பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும் நாளில் வாங்கினவளிடம் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், பிள்ளை மறுபடியும் பெற்றவளுடையது. அன்றிலிருந்து அம்மா என்று கூப்பிடலாம்.

பலபேர் இதை ஒப்புக்குச் செய்வார்கள், பிள்ளை நடக்கத் தொடங்கியதும் மறந்துவிடுவார்கள். என் அம்மா எதையும் ஒப்புக்குச் செய்கிறவள் அல்ல. நான் வாய்தவறி அம்மா என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மற்றப் பிள்ளைகள் பெற்றவளை வா, போ என்று விரட்டிக்கொண்டிருந்தன. "ஏனுங்க அத்தே, பசிக்குதுங்க" என்று பெற்றவளிடமே மரியாதையாகச் சோறு கேட்டது அந்த ஊரில் நான் ஒருத்திதான்.

ஏழு வயதில் எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. அவள் மடியில்தான் கிடந்தேன். உளறலில் "அம்மா" என்றிருக்கிறேன். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னைப் பாயில் இறக்கிவிட்டு ஓடினாள். பக்கத்து வீட்டு அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் தலையை அவள் மடியில் வைத்தாள்.

"உங்க புள்ள உங்களக் கூப்புடுதுங்கக்கா" என்றாள்.

பிறகு வாசலில் போய் நின்றுகொண்டாள். மூன்று நாள் உள்ளே வரவில்லை. கஞ்சியை வாசலிலேயே காய்ச்சி உள்ளே கொடுத்தனுப்பினாள். நான் பிழைத்தேன். ஆனால் என்னை விட்டுவிட்டுப் போனாளே என்பதுதான் என் மனதில் நின்றது. அந்த மூன்று நாளும் வாசலில் அவள் என்ன பாடு பட்டிருப்பாள் என்று யோசிப்பதற்கு நானே ஒன்றைப் பெற்று வளர்க்க வேண்டியிருந்தது.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டு அம்மா பாம்பு கடித்துச் செத்துப்போனாள். அவள் பெற்ற பிள்ளைகளைவிட என் அம்மா அதிகம் அழுதாள். எனக்குக் காரணம் விளங்கவில்லை. கல்யாணத்தன்று விளங்கியது. புதுச் சாமையைக் குத்திப் புடைத்த தவிட்டை முறத்தில் எடுத்துக்கொண்டு பந்தல் ஓரத்தில் நின்றாள். யாரிடம் கொடுப்பது? செத்தவளின் மூத்த மகன் முன்னால் வந்து, "நான் வாங்கிக்கறனுங்க, எங்கம்மா வாங்குன மாதிரித்தானுங்களே" என்று கையை நீட்டினான். அது போதும் என்று சுற்றியிருந்தவர்களும் சொன்னார்கள்.

"ஆகாது கண்ணு. வாங்குன கை வேணும்" என்றாள். முறத்தைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டாள்.

பதினாறு வருஷம் காத்திருந்த எனக்கு ஆத்திரம் பொங்கியது. தாலி ஏறிய கழுத்தோடு அவள் எதிரில் போய் நின்றேன். "வித்தது வித்ததாவே இருக்கட்டுங்க அத்தே. இனி எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு இல்லீங்க" என்றேன். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அந்த முகம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

வளப்பூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டேன். நடந்தால் அரை நாள் தூரம். மூன்று வருஷம் பிறந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மகன் பிறந்ததும் அவளாக வந்தாள், தலையில் ஒரு பலாப்பழத்தோடு. பிள்ளையைத் தூக்கவில்லை. எட்ட நின்று பார்த்துவிட்டு, "பால் குடிக்குதுங்களா?" என்று என் மாமியாரிடம் கேட்டாள். இருந்துவிட்டுப் போகும்படி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கே காய்ச்சல் என்று ஆள் வந்தது. மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். இந்தத் தடவை அம்மா என்று கூப்பிட்டே விடுவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் நடந்தேன். பாயோரம் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையைத் தூக்கி என் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாஞ் சாமி. வந்து நிக்கறவங் காதுல உழுந்துரும். உனக்கும் ஒண்ணு இருக்குதல்ல" என்றாள்.

சாகக் கிடக்கிறவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போதுமா என்று நினைத்தேன். அந்தக் கையை விலக்கியிருக்கலாம், அதில் கோழிக்குஞ்சின் பலம்கூட இல்லை. விலக்காமல், விருட்டென்று எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எடுப்பதற்கு முன் பெண்கள் என்னை அவள் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். "இனி என்ன பயங் கண்ணு? வாய் நெறைய அம்மான்னு கூப்புட்டு அழுவு" என்றார்கள். அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினேன். அத்தே என்றுதான் வந்தது. திரும்பவும் கத்தினேன், திரும்பவும் அதுவேதான். அவள் என்னை அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தாள்.