கம்பளையிலிருந்து கண்டிக்கு வந்த மீன்பல்லி

சனிக்கிழமை காலை 6.40. கண்டி குட்ஷெட் பஸ் நிலையம்.

கம்பளை பஸ்ஸில் ஜன்னலோர ஆசனம் கிடைத்தது. அந்த நாட்களில் அது பெரிய அதிர்ஷ்டமல்ல. பாதி பஸ் காலியாகவே ஓடியது. கடைகளை மூடச் சொல்லி முந்தின இரவு யாரோ சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். கடைக்காரர்கள் ஒற்றைப் பலகையை மட்டும் கழற்றிவிட்டு, திறப்பதா மூடுவதா என்று தெருவைப் பார்த்தபடி நின்றார்கள். டிக்கெட் நான்கு ரூபாய். கம்பளை சுமார் பதின்மூன்று மைல்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அது 1989. வடக்கில் யுத்தம், தெற்கில் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி. அந்த வருடம் பாடசாலை திறந்திருந்த நாட்களைவிட மூடிக்கிடந்த நாட்களே அதிகம். திறந்த நாட்களில் ஒன்றில் அழிந்துபோன கடல் ஊர்வனவற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டு, கரும்பலகையில் இக்தியோசோரஸ் என்ற மீன்பல்லியை வரைந்தேன். மீனைப் போன்ற உடல், முதலையைப் போன்ற நீண்ட வாய், துடுப்பான கால்கள். பின்வாங்கில் இருந்த பரமேஸ்வரி எழுந்து நின்றாள்.

"டீச்சர், கண்ணு இன்னும் பெரிசு. கண்ணச் சுத்தி வளையம் இருக்கும், ஓட்டுத் துண்ட அடுக்குன மாதிரி."

என் பாடப்புத்தகத்துப் படத்தில் அந்த வளையம் இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்த நினைவு மட்டும் எனக்கிருந்தது. எங்கே பார்த்தாய் என்று கேட்டேன்.

"எங்க தோட்டத்து பங்களாவுல இருக்கு டீச்சர். கல்லுல."

அவளுடைய அப்பா மாரிமுத்து, கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்த துரையின் பங்களாச் சமையல்காரர். துரைக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். துரை ஒரு சிங்களவர். பங்களாவின் பின்பக்கத்துச் சாமான் அறையை இடிக்கப்போவதாகவும், அங்கே கிடக்கும் கல் பாடசாலைக்கு உதவும் என்றால் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளலாம் என்றும் பதில் எழுதினார். அந்தக் கடிதம்தான் என் கைப்பைக்குள் இருந்தது.

காலை 8.05. கம்பளை.

கெலிஓயாவில் இராணுவச் சோதனைக்காக ஒருமுறை இறக்கி ஏற்றினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் படித்த சிப்பாய் என் முகத்தை மறுபடியும் பார்த்தான், வேறொன்றும் கேட்கவில்லை. கம்பளைச் சந்தையில் பிளேன்டீ குடித்துவிட்டு ஹமீது நானாவைத் தேடிப் போனேன். நானா என்றால் முஸ்லிம்களிடையே அண்ணன். அவர் கலகெதரைக்காரர். எங்கள் பாடசாலை விடுதிக்குத் தேங்காய் கொண்டுவந்து போடுபவர். சனிக்கிழமைகளில் கம்பளைச் சந்தைக்கு ஏற்றுவார். தோட்டத்திலிருந்து ஒரு சாமான் கண்டிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொன்னபோது, "திரும்பி வாறப்ப லொறி சும்மாதான் டீச்சர் வரும், ஏத்திக்கிட்டு வருவோம்" என்று உடனே ஒப்புக்கொண்டவர். எதை ஏற்றுகிறோம் என்றுகூட அப்போது கேட்கவில்லை.

அவர் கடைசிச் சாக்கை இறக்கும்போதுதான் கல்லுக்குள் இருக்கும் மிருகத்தைப் பற்றிச் சொன்னேன். வேர்வையைத் துடைத்தபடி கேட்டார்.

"அந்த மிருகம் எவ்வளவு பழசு டீச்சர்?"

"பதினெட்டுக் கோடி வருஷம் இருக்கும் நானா."

"அப்ப அவசரமில்ல. ஒரு டீ குடிச்சிட்டே போவோம்" என்றார்.

காலை 10.20. தோட்டம்.

கம்பளையிலிருந்து ஆறு மைல் ஏற்றம். கடைசி இரண்டு மைல் தார் இல்லாத பாதை. கொழுந்து பறிக்கும் பெண்கள் லொறிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்கள். தெரியாத லொறி என்றதும் முகங்கள் இறுகின. நான் இறங்கி வணக்கம் சொல்லி பங்களாவுக்கு வழி கேட்ட பிறகுதான் சிரித்தார்கள்.

மாரிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மகளின் டீச்சர் வருகிறார் என்று இஞ்சிப் பிஸ்கட்டும் பால் தேநீரும் ஆயத்தமாக வைத்திருந்தார்.

"வாங்க டீச்சர், உள்ளுக்கு வாங்க. தொர கண்டிக்குப் போயிருக்காரு. எல்லாம் சொல்லிட்டுத்தான் போனாரு."

சாமான் அறையில் உடைந்த கதிரைகளுக்கும் ஒரு பழைய அலுமாரிக்கும் இடையில், மரச் சட்டமிட்ட கறுத்த கல் சுவரோடு சாய்ந்து நின்றது. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஐரோப்பாவில் எங்கோ கல் வெட்டும் குழியிலிருந்து வாங்கி, கப்பலில் கொண்டுவந்ததாம். போகும்போது தூக்க முடியாமல் விட்டுப் போனாராம்.

மாரிமுத்து ஈரத்துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது வெளியே வந்தது: நீண்ட தாடை, ஊசி ஊசியாய்ப் பற்கள், தேநீர்ச் சாஸர் அளவு கண், அதைச் சுற்றி எலும்புத் தகடுகளின் வளையம். பிறகு விலா எலும்புகள். வால் பக்கம் இல்லை. கல் அங்கே முறிந்திருந்தது. நான் மண்டியிட்டு விலா எலும்புகளுக்குள் பார்த்தேன். உள்ளே என் விரல் நீளத்தில் இன்னொரு முதுகெலும்பு, இன்னொரு சின்னத் தாடை.

இந்த விலங்கு முட்டையிடவில்லை, கடலிலேயே குட்டி போட்டது என்று எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வயித்துல புள்ள இருக்குல்ல டீச்சர்?" என்றார் மாரிமுத்து. "எங்க வீட்டுல அப்பவே சொல்லிச்சு. நாந்தான் நம்பல."

"எப்ப?"

அவர் கதவைச் சாத்திக் காட்டினார். அறை இருண்டது, கூரையோட்டில் ஒரு கண்ணாடி ஓட்டின் வழியே மட்டும் வெளிச்சம் விழுந்தது, சரியாகக் கல்லின் மேல்.

"எம்பத்து மூணு கலவரத்துல நாங்க குடியிருந்த லயத்து வீடுங்களுக்கு நெருப்பு வச்சாங்கள்ல, அப்ப தொர எங்க எல்லாரையும் இதுக்குள்ள வச்சுப் பூட்டுனாரு. பத்தொம்பது பேரு. மூணு நாளு. நெருப்பு வச்சவங்க பங்களாவுக்கே வந்து எங்களக் கேட்டாங்க. உள்ள சாமான்தான் கெடக்கு, வேணும்னா என்னைத் தாண்டிப் போங்கன்னு வாசல்ல நின்னாரு. பேசக் கூடாது, இருமக் கூடாது. எம் மவ இந்தக் கல்லு முன்னாடியே ஒக்காந்து இதையே பாத்துக்கிட்டிருந்தா. மூணு நாளும் அவ அழுவல டீச்சர்."

பின்வாங்கிலிருந்து எழுந்து என் படத்தைத் திருத்திய பெண் எப்படித் திருத்தினாள் என்பது அப்போதுதான் விளங்கியது.

"உங்களுக்கு இதைக் குடுக்க மனம் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"அறைய இடிக்கப்போறாங்க. இருட்டுக்குள்ள கெடந்தது போதும். பொம்பளப் புள்ளைங்க படிக்கிற எடத்துல இருக்கட்டும்" என்றார்.

ஐந்து பேர் சேர்ந்து தூக்கினார்கள். கீழே வைக்கோல், மேலே சாக்கு.

பிற்பகல் 1.50. கெலிஓயாவுக்கு இப்பால்.

காலையில் இல்லாத இடத்தில் புதிய காவலரண் முளைத்திருந்தது. லொறியை ஓரங்கட்டச் சொன்னார்கள். பொறுப்பில் ஒரு கோப்ரல், இருபத்தைந்து வயதிருக்கும். துரையின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். சிப்பாய் ஒருவன் மேலே ஏறிச் சாக்கை விலக்கினான். விலக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

மகாவலியில் பிணங்கள் மிதந்து வந்த மாதங்கள் அவை. இரவில் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை. எங்கே எலும்பு கிடைத்தாலும் அது யாரோ ஒருவருடையது.

"இது யாருடைய எலும்பு?" என்று கோப்ரல் சிங்களத்தில் கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: கடலில் வாழ்ந்த மிருகம், மனிதர்கள் தோன்றுவதற்கு முந்தியது, பிள்ளைகளுக்குக் காட்டக் கொண்டுபோகிறேன். கடிதத்தில் கல் என்றுதான் இருக்கிறது, எலும்பு என்று இல்லையே என்றார் அவர். என் அடையாள அட்டையை வாங்கினார். யாழ்ப்பாணம் என்பதைப் படித்தார். கல்லை இறக்கி நிலத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, ஹமீது நானாவை மணல்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த கொட்டிலுக்குள் அழைத்துப் போனார். நான் வெயிலில், கல்லருகே நின்றேன். சிப்பாய்கள் இருவர் துவக்கோடு பக்கத்தில். ஒருமணி நேரத்துக்கு மேல் போயிற்று.

அந்த நேரத்தில் கம்பளைப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. சோதனைக்காக எல்லோரும் இறங்கினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண் ஒருத்தி வரிசையை விட்டு விலகி நேரே என்னிடம் வந்தாள். யாரோ "எலும்பு" என்று சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் ஒரு பையனின் பாடசாலைப் படம். சிப்பாய் தடுக்கப் பார்த்தான். அவள் அவனைக் கவனிக்கவே இல்லை.

கல்லருகே குந்தியிருந்து, தலையிலிருந்து தொடங்கி மெதுவாகப் பார்த்தாள். நீண்ட தாடையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஆனாலும் முழுவதையும் பார்த்து முடித்தாள். வயிற்றிலிருந்த சின்ன எலும்புகளைத் தொட்டு, இது என்ன என்று கேட்டாள்.

"குட்டி, அம்மே. அது பிறப்பதற்கு முன்னமே தாயும் குட்டியும் இறந்துவிட்டன."

அவள் தலையசைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். கோப்ரல் கொட்டில் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகே புத்தா நெவெய்" என்றாள் அவரிடம். என் மகன் இல்லை. பிறகு, "இது மிருகம், மகனே. இந்தப் பிள்ளையை விடு. இவளுடைய அம்மா வழி பார்த்துக்கொண்டிருப்பாள்."

பஸ் புறப்பட்டது. ஜன்னலில் அவள் முகத்தைத் தேடினேன். அவள் மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது.

கோப்ரல் என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். நானாவின் கையில் லொறிச் சாவியைக் கொடுத்தார். நான்கு சிப்பாய்கள் துவக்குகளைச் சாய்த்து வைத்துவிட்டு, நானாவோடு சேர்ந்து கல்லை ஏற்றினார்கள். சாக்கைக் கோப்ரலே இழுத்து மூடிக் கயிறு கட்டினார். "குலுங்கினால் உடையும், மெதுவாக ஓட்டுங்கள்" என்றார்.

மாலை 4.45. கண்டி.

பாடசாலையில் காவலாளியும் விடுதிச் சமையல்காரரும் அயல் கடைக்காரர்களும் கைகொடுக்க, கல் ஆய்வுகூடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஊரடங்கு ஆறு மணிக்கு. கலகெதரைக்குப் பன்னிரண்டு மைல்.

"கொட்டிலுக்குள்ள என்ன கேட்டவை நானா?"

"சும்மா, பேரு ஊரு. நான் வாறன் டீச்சர், நேரம் போகுது." தண்ணீர்கூடக் குடிக்காமல் புறப்பட்டார்.

திங்கட்கிழமை பாடசாலை திறந்தது. இருபத்தாறு பெண்கள் கல்லைச் சுற்றி நின்றார்கள். பாடத்தை நான் நடத்தவில்லை. பரமேஸ்வரிதான் ஒவ்வோர் எலும்பாகக் காட்டிச் சொன்னாள். அந்த அறையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை. கலகெதரை.

நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டுகஸ்தோட்டை வழியாகப் போகும் குருநாகல் பஸ்ஸில் ஏறி, பத்தரைக்குக் கலகெதரையில் இறங்கினேன். வீதியோரம் முழுவதும் தென்னை. நானாவின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்புறம். அவர் தேங்காய் எடுக்கப் போயிருந்தார். அவருடைய மனைவி, நான் ராத்தா என்று கூப்பிட்டேன், கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

"நீங்கதானா அந்த டீச்சர்? உக்காருங்க மகள். உங்கள விட்டிட்டு வரச் சொன்னாங்களாமே."

எனக்கு விளங்கவில்லை.

"ஒங்களுக்குச் சொல்லல்லியா? அந்த ஆமிக்காரன் கொட்டிலுக்குள்ள வெச்சி, 'நீ லொறிய எடுத்துக்கிட்டு ஊட்ட போ, அந்த யாழ்ப்பாணத்துப் பொம்புள இங்க ஈக்கட்டும், நாங்க விசாரிக்கிறோம்' எண்டு சொல்லீக்கி. இவர், 'நான் கூட்டிக்கிட்டு வந்த ஆள், நான்தான் கூட்டிக்கிட்டுப் போவேன். வெச்சிக்கிறதா ஈந்தா ரெண்டு பேரையும் வெச்சிக்கங்க' எண்டு சாவிய மேசையில வெச்சிட்டு உக்காந்துட்டாராம். அண்டைக்கு ஊட்ட வந்து சோறு திங்கல்ல."

நானா வந்தபோது நான் அழுது முடித்திருந்தேன். ராத்தாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சாப்புடுங்க டீச்சர், ஆறப் போகுது" என்றார். வாழைக்காய்க் கறியும் கருவாட்டுப் பொரியலுமாக மூவரும் சாப்பிட்டோம்.

மூன்றரை மணி பஸ்ஸில் கண்டிக்குத் திரும்பினேன். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கேள்வி இருக்கும்: "அங்க உனக்கெண்டு ஆர் இருக்கினம், பிள்ளை?" அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வழக்கமாகப் பதில் எழுதுவேன். அன்று நான் தங்கியிருந்த பாடசாலை விடுதிக்கு வந்ததும் பேனையை எடுத்து அதற்குத்தான் முதலில் எழுதினேன். ஹமீது நானா என்று எழுதினேன். ராத்தா, மாரிமுத்து, அவருடைய துரை, பரமேஸ்வரி என்று எழுதினேன். கடைசியாக, பெயர் தெரியாத ஓர் அம்மா என்று எழுதி, அவவின் மகனுக்காகக் மாதா கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ என்று கேட்டுக்கொண்டேன்.